கிரவுண்ட் கன்ட்ரோல்: முதல் நாள் பழக வேண்டியவை

விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரில் இருக்கும் எல்லாரும் ஒரே வேலை பார்ப்பதில்லை. ரன்வே ‘டவர்’ என்று அழைக்கப்படும் கட்டுப்பாட்டாளர் பொறுப்பு. டாக்சிவேயில், அதாவது ரன்வேக்குப் போய்வரும் பாதையில், ஊரும் விமானங்களும் அங்கே ஓடும் வண்டிகளும் ‘கிரவுண்ட்’ கட்டுப்பாட்டாளர் பொறுப்பு. புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த வரிசையில் போகலாம்.

படி 1: வரைபடம். ரன்வே 25 என்றால் ஏறக்குறைய 250 டிகிரி திசை. அதே தளத்துக்கு எதிர்முனையில் பெயர் 07. சென்னையில் 07/25, 12/30 இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. எந்த வழி எந்த ரன்வேயைக் கடக்கிறது என்பது கண்ணை மூடினாலும் தெரிய வேண்டும்.

படி 2: புஷ்பேக், அதாவது நிற்கும் இடத்திலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளுவது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு அனுமதி கொடுங்கள். அவ்வளவுதான்.

படி 3: வழி சொல்வது. இங்கேதான் நிதானம் வேண்டும். “டாக்சி வயா பிராவோ, ஹோல்ட் ஷார்ட் ரன்வே 30” என்கிறீர்கள்: B டாக்சிவே வழியாக வா, ரன்வே 30-க்குள் நுழையாமல் அதற்கு முன்பே நில் என்று அர்த்தம். விமானி “பிராவோ, ரோஜர்” (கேட்டுக்கொண்டேன்) என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். ஹோல்ட் ஷார்ட்டை ரன்வே எண்ணோடு அவர் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். அவர் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும்: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு. முழுக்கோடு இருக்கும் பக்கம்தான் காத்திருக்கும் பக்கம்.

அப்புறம், ‘டேக்ஆஃப்’ என்ற சொல் கிரவுண்ட் வாயில் வரவே கூடாது. ‘டிபார்ச்சர்’ என்றே சொல்லுங்கள். 1977-இல் டெனெரிஃபில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போக்கள் மோதி 583 பேர் இறந்ததற்கு, அந்தச் சொல்லைச் சுற்றி எழுந்த குழப்பமும் ஒரு காரணம்.

படி 4: வண்டிகள். ரன்வேயை ஆய்வு செய்ய ஒரு ஜீப் கேட்கிறது. முதலில் டவரிடம் கேளுங்கள், சரி என்றால் உள்ளே விடுங்கள். உடனே ‘ரன்வேயில் ஆள்’ என்பதற்கான சிவப்புப் பட்டையை டவர்காரர் கண்ணில் படும்படி பலகையில் வைக்கச் செய்யுங்கள். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் 1991-இல் லாஸ் ஏஞ்சலஸில், ரன்வேயில் தான் நிறுத்தி வைத்திருந்த சிறு விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் மறந்துபோய், அதே ரன்வேயில் இன்னொன்றை இறங்கவிட்டார். 35 பேர் போனார்கள். பரபரப்பில் நம் ஞாபகத்தை நம்பக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பட்டை.

ஜீப்காரர் “ரன்வே வெகேட்டட்” (ரன்வேயை விட்டு வெளியேறிவிட்டேன்) என்று சொன்ன பிறகும், கண்ணாடி வழியே ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் பட்டையை எடுக்க வேண்டும்.