நைட் டியூட்டி முடிந்து பகலில் தூங்க: எந்தச் சத்தத்தைப் பொறுப்பது, எதை மாற்றுவது

நான் செவிலியர். மாதாமாதம் நைட் டியூட்டி வரும். காலையில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மதுரையில் உள்ள வாடகை வீட்டு மாடிக்கு வந்து படுக்கும் நேரத்தில்தான் தெரு முழுதாக விழிக்கும். லோடு ஆட்டோவில் தக்காளி வெங்காயம் என்று ஒலிபெருக்கி, பக்கத்து மனையில் டைல்ஸ் வெட்டும் மெஷின், கீழ்வீட்டில் கிரைண்டர். எல்லாவற்றோடும் மல்லுக்கு நின்றால் தெருவில் பேச ஆள் இருக்காது. எல்லாவற்றையும் சகித்துக்கொண்டால் அன்றிரவு மருந்தின் அளவைப் பார்க்கும்போது கண் சொருகும். அது நோயாளிக்குத்தான் ஆபத்து.

படுத்துக்கொண்டே எரிச்சலில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். தூங்கி எழுந்த பிறகு என்ன சத்தம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இது தானாக முடிந்துவிடுமா? இதன் சுவிட்ச் நான் போய்ப் பேசக்கூடிய ஒருவரின் கையில் இருக்கிறதா?

சித்திரைத் திருவிழா ஊருக்கே உரியது, சில நாளில் முடியும். விட்டுவிடுங்கள். காய்கறி வண்டி சில நிமிடத்தில் தெருவைத் தாண்டிவிடும். அது ஒருவரின் பிழைப்பும்கூட. டைல்ஸ் வேலையும் ஒருநாள் முடியும், ஆனால் மேஸ்திரியிடம் வெட்டும் வேலையை மதியத்துக்குத் தள்ளக் கேட்கலாம். கிரைண்டர் அப்படியல்ல. அது என்றைக்கும் இருக்கும், சுவிட்ச் கீழ்வீட்டு அக்கா கையில். நீங்கள் முயற்சி செலவிட வேண்டிய இடம் அதுதான்.

சட்டத்தை வைத்துப் பேசலாம் என்று நினைத்தால், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல், பகலில் 55. அனுமதி பெற்ற சில விழா நாட்களைத் தவிர, பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி அலறினால் தயங்காமல் 100-க்கு அழையுங்கள். ஆனால் காலை பத்து மணிக் கிரைண்டருக்கு இந்த வழி சரிப்படாது. அங்கே பேச்சுதான் உதவும்.

சத்தம் கேட்கும்போதே கீழே இறங்கிப் போகாதீர்கள். சாயங்காலம் போங்கள். "உங்க கிரைண்டரால தூக்கமே போச்சு" என்று தொடங்காமல், "அக்கா, அடுத்த வாரம் எனக்கு நைட் டியூட்டி. ஒன்பதுலேருந்து ஒரு மணி வரைக்கும் தூங்குவேன். மாவை அதுக்கு அப்புறம் ஆட்ட முடியுமா?" என்று நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். அவர் மாவு விற்பவராக இருந்தால் நேரத்தை மாற்ற முடியாமல் போகலாம். அப்போது கிரைண்டருக்கு அடியில் தடிமனான ரப்பர் விரிப்புப் போடலாமா என்று கேளுங்கள். நீங்களே வாங்கிக் கொடுங்கள். மாடிக்கு ஏறிவரும் அதிர்வு ஓரளவாவது குறையும்.

பொறுத்துக்கொள்வதென்று முடிவு செய்தவற்றுக்கும் வேலை உண்டு. தெருப்பக்க அறையை விட்டுப் பின்பக்க அறைக்கு மாறுங்கள். ஜன்னலுக்குக் கனத்த கருப்புத் துணி, தலைமாட்டில் டேபிள் ஃபேன். அதன் ஒரே சீரான ஓசையில் மற்றவை அமுங்கும். பஞ்சு போன்ற காதடைப்பானை மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலும் பின்னும் இழுத்து உள்ளே வைத்து, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். கடைசி டீயை அதிகாலை மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். குடித்த கஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

ஒன்றை மட்டும் பொறுக்கவே பொறுக்காதீர்கள்: "வீட்டுலதானே இருக்க, சிலிண்டர் வந்தா வாங்கி வை" என்று சொந்த வீட்டிலேயே எழுப்புவது. உங்கள் பகல் பதினொரு மணி அவர்களுக்கு இரவு பதினொரு மணி மாதிரி என்று கணவரும் மாமியாரும் சேர்ந்து இருக்கும்போதே சொல்லுங்கள். சிலிண்டர், கூரியர், பால் கணக்கு எல்லாவற்றுக்கும் அந்த வாரத்தில் யார் பொறுப்பு என்று அப்போதே பெயர் குறித்துவிடுங்கள்.