காது வலிக்காத ஹெட்போன்

தினமும் போக வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போகிறது. முதலில் வாங்கியது காது மடல் மேலேயே உட்காரும் சின்ன ரகம். இருபது நிமிஷத்தில் மடல் மூக்குக்கண்ணாடிக் கம்பியோடு சேர்ந்து நசுங்கி, கழற்றினால் சிவந்து கிடக்கும்.

அடுத்து, காதை முழுசாக மூடும், வெளிப்பக்கம் அடைத்த குளோஸ்டு ரகம். வலி குறைந்தது, பேஸைக் காணோம், அதாவது பாட்டின் கனமான கீழ் ஒலியை. ஹெட்போன்தான் பழுது என்று நினைத்தேன். ஒருநாள் முகம் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினேன், பேஸ் திரும்பி வந்துவிட்டது! கண்ணாடிக் கம்பி ஹெட்போனின் மெத்தையை, அதாவது பேடை, தூக்கிவிடும் அந்த இடுக்கு வழியாகத்தான் அது கசிந்திருக்கிறது. எஞ்சின் இரைச்சலும் அதே வழியில்தான் உள்ளே வந்திருக்கிறது.

மெல்லிய கம்பியுள்ள கண்ணாடியும், கொஞ்சம் ஆழமான, மெத்தென்ற தோல் பேடும் மாற்றியதும் சரியாயிற்று. வெல்வெட் மாதிரித் துணி பேடும் போட்டுப் பார்த்தேன். வியர்க்காது, சுகம்தான், ஆனால் வெளிச் சத்தம் நிற்காது. தலையைப் பிடிக்கும் இறுக்கத்தை, ஹெட்போனை இரவு முழுக்கப் புத்தக அடுக்கின் மேல் மாட்டிவைத்துத் தளர்த்தினேன். ரொம்பத் தளர்ந்தால் மறுபடி கசியும், ஜாக்கிரதை.

போனில் நேராகச் செருகுவதென்றால் 32 ஓம் (ஹெட்போனின் மின்தடை அளவு) போதும். சில மாடல்கள் 250 ஓமிலும் வரும். அவற்றில், போனில் செருகினால் சத்தம் சரியாக ஏறாது. ரோட்டைக் கடக்கும்போது மட்டும் கழுத்துக்கு இறக்கிவிடுவேன், ஹாரன் கேட்க வேண்டுமே.