உறைக்குள் எத்தனை வெள்ளி? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எங்கள் ஆபீசில் கல்யாணம், காரியம், குழந்தை பிறப்பு எதுவானாலும் உறை என் மேசைக்குத்தான் வரும். ஜூரோங்கில் ஒரு சின்ன பொறியியல் கம்பெனி. கணக்கு வழக்கெல்லாம் நான்தான். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் கலந்த கூட்டம். ஊரிலிருந்து வந்து ஆறு மாசம்கூட ஆகாத தம்பிகள் கையில் முதல் சீனக் கல்யாணப் பத்திரிகையை வைத்துக்கொண்டு, "அக்கா, எவ்வளவு வைக்கணும்?" என்று வந்து நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது.

முதலில் தொகை, பிறகுதான் இலக்கம். உங்கள் சம்பளத்தையும் பழக்கத்தையும் பார்த்துத் தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள். அதன்பின் வாங்குகிறவர் வீட்டு வழக்கத்துக்கு ஏற்பப் பத்துப் பன்னிரண்டு வெள்ளி (வெள்ளி என்றால் இங்கே சிங்கப்பூர் டாலர்) ஏற்றி இறக்கினால் போதும். நூறு வெள்ளி என்று மனதில் இருந்தால் 88க்கு இறங்கலாம், 108க்கு ஏறலாம். 168 ராசியான எண்ணாமே என்று அறுபத்தெட்டு வெள்ளி கூடுதலாகக் கொடுத்துவிட்டு மாசக் கடைசியில் என்னிடமே கைமாத்து கேட்டு வருகிறவர்களும் உண்டு.

சீனக் கல்யாணத்துக்கு சிவப்பு உறை. அதுதான் அங்பாவ். உள்ளே இரட்டைப்படைத் தொகை. நல்லது எதுவும் ஜோடியாக வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சீனப் புத்தாண்டில் ஆரஞ்சைக்கூட இரண்டாகத்தான் கொடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஆனால் 4 எந்த இடத்திலும் வரக் கூடாது. மாண்டரின், ஹொக்கியன், காண்டனீஸ் என்ற சீன மொழிகள் மூன்றிலுமே அந்த எண் சாவைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கும். எனவே 40, 84, 140, 148 எல்லாம் கழித்துவிடுங்கள். 8 செழிப்பு, 6 தடையில்லாத ஓட்டம், 9 நீடித்திருப்பது. ஒற்றைப்படையில் 9க்கு மட்டும் கல்யாணத்தில் சலுகை உண்டு. 13ஐப் பற்றி இங்கே பெரிதாகக் கவலைப்படுகிறவர்கள் குறைவு.

தொகையின் அளவு விருந்து நடக்கும் இடத்தைப் பொறுத்தது. ஹோட்டல் விருந்தில் மேசைக்குப் பத்துப் பேர். ஒரு மேசைக்கே ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு மேல் போகும் ஹோட்டல்கள் நிறைய. உங்கள் ஒரு நாற்காலிச் செலவாவது ஈடாக வேண்டும் என்பது எழுதப்படாத கணக்கு. சனிக்கிழமை இரவு விருந்துக்கு ஒரு ரேட், வார நாள் மதியத்துக்கு ஒரு ரேட். உடன் போகிற சீன நண்பரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், அவரும் இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். போக முடியாவிட்டால் குறைத்து வைத்துக் கொடுத்தனுப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தாள் மடிப்பில்லாமல் இருக்கட்டும். இப்போது வழக்கமாகக் கைக்கு வருவது 2, 5, 10, 50, 100 வெள்ளித் தாள்கள். அப்படியானால் 88 என்பது ஒரு ஐம்பது, மூன்று பத்து, நான்கு இரண்டு. "அக்கா, ரெண்டு வெள்ளி நாலு தாள் வருதே, பரவாயில்லையா?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்விதான். பக்கத்து மேசைச் சீன அக்காவிடம் கேட்டேன். "நாங்கள் காசைத்தான் எண்ணுவோம், காகிதத்தை இல்லை" என்று சிரித்தார். புத்தாண்டுக்கு அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் 8 வெள்ளியிலும் நான்கு தாள்தானே இருக்கும். உறையின் பின்பக்கம் உங்கள் பெயரை எழுதுங்கள். வாசல் மேசையில் ஒரு பெட்டி இருக்கும், அதில் போட்டுவிட்டு உள்ளே போகலாம். மேடையில் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் புதுக்கோட்டைத் தம்பி ஒருவன் இதையெல்லாம் கேட்காமலே நேராக விருந்துக்குப் போனான். ஊர் வழக்கப்படி நூறு வெள்ளித் தாள் ஒன்று, ஒரு வெள்ளிக் காசு ஒன்று. உறையைப் பெட்டியில் போட்டதும் அடியில் 'ணங்' என்று சத்தம். மேசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என்னிடம் வந்து, "நூத்தியொண்ணு மங்களம்தானே அக்கா, ஏன் அப்படிப் பார்த்தார்?" என்றான்.

இங்கேதான் கவனம் வேண்டும். நம் கல்யாண மொய்யான 51ம் 101ம் சீனர்களிடம் சாவு வீட்டுத் தொகைகள். துக்கம் இரட்டிக்கக் கூடாது என்று அவர்கள் இறப்புக்கு ஒற்றைப்படையில் கொடுக்கிறார்கள். 30, 50, 70 என்று பத்தின் கணக்கில் ஒற்றையாக வைக்கிறவர்கள் உண்டு. 31, 51, 101 என்று கடைசியில் ஒன்று சேர்க்கிறவர்களும் உண்டு. இரண்டும் சரி. உறை வெள்ளை, மேலே பெயர். ஹொக்கியனில் இதை 'பெக் கிம்' என்பார்கள். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குக் கீழே கூடாரம் போட்டு உடலை மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை நாள் வைத்திருப்பார்கள். உறையை வாங்கி நோட்டில் எழுத ஒருவர் இருப்பார், அவரிடம் கொடுத்துவிட்டு அஞ்சலி செலுத்துங்கள். மேசையில் சிவப்பு நூல் துண்டுகளும் மிட்டாயும் வைத்திருந்தால் ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள் நுழையும் முன் எறிந்துவிடுவது வழக்கம். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, எடுத்துக்கொள்ளுங்கள். நீட்டுகிற நூலை வேண்டாம் என்பது அந்த வீட்டாருக்குச் சங்கடம். சிவப்பு உறை மட்டும் அங்கே கூடவே கூடாது.

ஆபீசில் சேர்ந்து கொடுக்கும்போது எண் நம் கையை மீறிப் போகும். ஆளுக்கு 20 வெள்ளி போட்டு ஏழு பேர் சேர்ந்தால் 140, நடுவில் நாலு. பன்னிரண்டு பேர் ஆளுக்கு 12 போட்டால் 144, இன்னும் மோசம். இதற்கு என் வழி: வசூலிக்கும் முன்பே மொத்தத்தை முடிவு செய்துவிடுவேன். பன்னிரண்டு பேரிடம் ஆளுக்கு 14 வெள்ளி வாங்கினால் சரியாக 168. செழிப்பான பாதை என்று சீனர்கள் ரொம்ப விரும்பும் எண் அது. ஏற்கெனவே வசூலாகிவிட்டதா? 140இல் இரண்டு வெள்ளிக்கு ஒரு வாழ்த்து அட்டை வாங்குங்கள், 138 ஆகிவிடும். மீதியைத் திருப்பித் தர முயலாதீர்கள், அந்தச் சண்டைக்கு இரண்டு வெள்ளி அட்டையே மேல்.

நம்மவர் கல்யாணத்துக்கு எல்லாம் தலைகீழ். 50, 100 என்று பூஜ்யத்தில் முடித்தால் உறவு அதோடு முடிந்தது போல ஆகிவிடும் என்று மேலே ஒன்று வைப்பது நம் பழக்கம். சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயில் மண்டபத்துக்குப் போகும்போது காசைத் தேடி அலையாதீர்கள், கைப்பையில் ஒரு வெள்ளிக் காசு நாலைந்து எப்போதும் இருக்கட்டும். ஒரு வெள்ளித் தாளை இப்போது புதிதாக வெளியிடுவதில்லை, காசுதான். தாளோடு சேர்த்து செலோடேப் போட்டு ஒட்டிவிட்டால் உறையின் மூலைக்கு உருண்டு போகாது, மேடையில் கைகுலுக்கும்போது கீழே விழவும் விழாது. நம் ஆட்களின் காரியத்துக்கு எங்கள் வீட்டில் அந்த ஒன்றைச் சேர்ப்பதில்லை. வளர வேண்டிய விஷயமா அது?

சீன நண்பர்கள் நம் கல்யாணத்துக்கு வரும்போது கூத்து. 51 வையுங்கள் என்று சொன்னபோது எங்கள் சீன அக்கா பதறிவிட்டார். 88தான் வைப்பேன் என்று வைத்தார். மணப்பெண்ணின் அம்மா உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு விரலை மடக்கினார்: "எண்பத்தெட்டா? எட்டும் எட்டும் பதினாறு, ஒண்ணும் ஆறும் ஏழு... சரி சரி, எட்டு வரலை." நமக்கு எட்டு சனி. எட்டாம் தேதி பிறந்தால் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறோம், வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு என்றால் முகம் சுளிக்கிறோம். இங்கே அதே எட்டுக்காகக் கார் எண்ணை ஏலத்தில் எடுக்க ஆள் உண்டு. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கையே எட்டாம் மாதம் எட்டாம் தேதி இரவு 8 மணிக்குத்தான் தொடங்கினார்கள். ஆகவே புத்தாண்டுக்கு முதலாளி 8 வெள்ளி அங்பாவ் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் எதிரிலேயே பிரிக்காதீர்கள். வீட்டுக்குப் போய் ஒரு வெள்ளி சேர்த்து ஒன்பதாக்கி உண்டியலில் போடுகிற பெரியம்மாவை எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை சீனர், பெண் தமிழ் என்றால்? காலையில் கோயில், இரவில் ஹோட்டல் என்று இரண்டு நிகழ்ச்சி வைப்பார்கள். எதற்கு அழைத்தார்களோ அந்த வழக்கம்தான். இரண்டுக்கும் ஒரே உறை என்றால் என் சிபாரிசு 108. இரட்டைப்படை, எட்டில் முடிகிறது, நாலு இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களோ 108 போற்றி, 108 பிரதட்சணம் என்று பழகியவர்கள். கூட்டினால் ஒன்பதும் வந்துவிடும். கடைசியில் ஒன்று இல்லையே என்று யாரும் கேட்க மாட்டார்கள். கை தாராளமாக இருந்தால் 168. கூட்டினால் ஆறு, சுக்கிரன். நம் எண்கணிதக்காரர்களும் கல்யாணத்துக்கு நல்லது என்பார்கள்.

மலாய்க் கல்யாணத்தில் எனக்குத் தெரிந்து எண் தொல்லை இல்லை. உறையில் வைத்து, கைகுலுக்கும்போது கொடுத்துவிடுவார்கள். ஐம்பது என்றால் ஐம்பதுதான். ஹரி ராயாவுக்குப் பச்சை உறை. தீபாவளிக்கு நம் பிள்ளைகளுக்கு ஊதா உறை, அதில் எவ்வளவு என்பது உங்கள் வீட்டுப் பாடு. சீனக் குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறையும் விழாவுக்குக் கல்யாண விதியேதான், தொகை மட்டும் குறைவு.

இப்போது பலர் போனிலேயே பேநவ் என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பச் சொல்கிறார்கள், பத்திரிகையிலேயே கியூஆர் அச்சடித்து விடுகிறார்கள். விதி மாறவில்லை: சீன நண்பருக்கு 88.00, நம்மவருக்கு 51.00. காசு ஒட்டும் வேலை மிச்சம். குறிப்பு எழுதும் இடத்தில் உங்கள் பெயரையும் எந்த ஆபீஸ் என்பதையும் போடுங்கள். வங்கிக் கணக்கில் உங்கள் பெயர் முன்னெழுத்தும் அப்பா பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கும், மாப்பிள்ளைக்கு ஆளே புரியாது.