கேம்பர் வேனின் மின்சாரப் படி மடங்கவில்லையா? மோட்டரை மாற்றுமுன் இதையெல்லாம் பாருங்கள்

கதவைத் திறந்ததும் தானாக வெளியே வரும், மூடியதும் உள்ளே மடங்கிக்கொள்ளும். உள்ளேயே தங்கிப் பயணம் போக மாற்றிய கேம்பர் வேனில் இந்தப் படி ஒரு நல்ல வசதிதான், வேலை செய்கிற வரைக்கும். பாதியில் நின்றுவிட்டால் கராஜில் முதலில் காதில் விழுவது "மோட்டர் போயிருச்சுண்ணே" என்பதுதான். புது மோட்டரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், காசும் கொஞ்சமில்லை. ஆனால் பல வண்டிகளில் மோட்டரில் ஒரு பழுதும் இருக்காது. அதற்கு வந்து சேரவேண்டிய மின்சாரம் முழுதாக வந்து சேர்ந்திருக்காது, அவ்வளவுதான். மல்டிமீட்டர் ஒன்று, சின்னக் காந்தம் ஒன்று, ஸ்பேனர் செட் ஒன்று இருந்தால் இதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இலங்கையின் மலையகத்தில் ஓடும் வண்டிகளுக்கு இந்தச் சந்தேகம் இன்னும் பொருந்தும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கத்தைத் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை நனைக்கும். அது ஓய்ந்தால் பதுளை, பசறைப் பக்கத்துக்கு வடகீழ் பருவப்பெயர்ச்சி வந்துவிடும். இரண்டு பக்கமும் சுற்றுகிற வண்டி காய்வதற்கு நேரமே இல்லை. படி இருக்கும் இடமோ முன் டயருக்குப் பின்னால், சேறு நேராக வந்து அடிக்கிற இடம். போதாததற்கு, 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அதனால் இங்கே கேம்பராக மாற்றப்பட்ட வேன்களும் பஸ்களும் பெரும்பாலும் வயதானவை, அவற்றின் வயர் இணைப்புகளும் அப்படியே.

எப்படி வேலை செய்கிறது

கதவில் ஒரு காந்தம் இருக்கும். அதற்கு நேரே கதவுச் சட்டத்தில் ரீட் சுவிச் என்ற சின்னச் சுவிச். கதவு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை இந்தச் சோடிதான் கண்ட்ரோல் பெட்டிக்குச் சொல்கிறது. பெட்டி மோட்டருக்கு மின்சாரத்தை ஒரு திசையில் அனுப்பினால் படி வெளியே வரும், திசையை மாற்றி அனுப்பினால் உள்ளே போகும். மோட்டருக்கும் படிக்கும் நடுவில் கியரும் சில இரும்புக் கைகளும். இதோடு சாவியிலிருந்து வரும் இக்னிஷன் வயர் ஒன்று, வண்டிக்குள் ஒரு ஓன்-ஓஃப் சுவிச்.

அந்த உள் சுவிச்தான் புதியவர்களைக் குழப்புவது. வண்டியை நிறுத்தித் தங்கும்போது கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் படி போய்வந்தால் பெட்டரிதான் தீரும். அதனால் படி வெளியே இருக்கும்போது சுவிச்சை ஓஃப் பண்ணினால் அது அங்கேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். பல வண்டிகளில், சுவிச் ஓஃபில் இருந்தாலும் கதவை மூடிச் சாவியைப் போட்டதும் படி உள்ளே போய்விடும். எனவே "படி அசையவே இல்லை" என்றால் முதலில் சுவிச்சைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், இதோடு முடிந்துபோகிற கேஸ் நிறைய உண்டு.

கை வைக்குமுன்

மட்டமான தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கட்டையோ கல்லோ வையுங்கள். நம் ரோட்டில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகக்கூடாது. படியின் கைகளுக்கு நடுவே விரல் வைக்கும் வேலை எதுவானாலும் முதலில் பியூஸைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது கதவைத் தள்ளினால் போதும், அந்தக் கைகள் கத்தரிபோல விரலைப் பிடித்துவிடும். சோதனைக்குப் படியை ஓட்டும்போது கையும் முகமும் தள்ளி இருக்கட்டும், பிள்ளைகள் கதவுப்பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கழுவுங்கள்

சேறு காய்ந்த படியைச் சோதிப்பது வீண்வேலை. தண்ணீர் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஹைபிரஷர் கன்னைக் கண்ட்ரோல் பெட்டிக்கும் மோட்டருக்கும் நேரே பிடிக்க வேண்டாம், அது ரப்பர் ஸீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும். கழுவிய பிறகு படியின் கைகள் வளைந்திருக்கின்றனவா, நடுவில் கல் சிக்கியிருக்கிறதா, மூட்டைப் பிடிக்கும் பின் ஏதாவது கழன்று தொங்குகிறதா என்று பாருங்கள். தோட்டத்துக் கல் ரோட்டில் போன வண்டியில் இந்த மூன்றில் ஒன்று இருக்கவே செய்யும்.

படி வெளியே வந்து உடனே திரும்பி உள்ளே போகிறதா, அல்லது பாதியில் நிற்கிறதா? பல கண்ட்ரோல் பெட்டிகள் மோட்டர் இழுக்கும் மின்சாரம் கூடினால் "ஏதோ தடுக்கிறது" என்று முடிவுசெய்து நிறுத்திவிடும். துருவேறி இறுகிய மூட்டும் அதற்குத் தடைதான். வண்டி நின்ற இடத்து மண் திட்டும் தடைதான். ஜப்பான் வேன்களுக்குக் கதவு இடப்பக்கம், நாம் ஓடுவதும் இடப்பக்கம். ரோட்டோரம் ஒதுக்கினால் படி வெளியே வரும் இடத்தில் மலைச்சுவரோ கானோதான் இருக்கும். பழுது பார்க்குமுன் வண்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்.

பெட்டரி: படி ஓடும்போது அளந்து பாருங்கள்

நின்றிருக்கும் 12 வோல்ட் ஈய அமில பெட்டரி நிறைந்திருந்தால் மல்டிமீட்டர் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே இருந்தால் வேறெதையும் பார்க்காமல் முதலில் சார்ஜ் பண்ணுங்கள். வோல்ட் குறைந்தால் படி விசித்திரமாக நடக்கும்: "டிக் டிக்" என்று சத்தம் மட்டும் போடும், பாதியில் நிற்கும், வெளியே வந்து உள்ளே போக மறுக்கும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் படி ஒழுங்காக ஓடுகிறதென்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது: பெட்டரி, அல்லது அதிலிருந்து வரும் வயர்.

நின்ற பெட்டரி 12.6 காட்டியது என்பதற்காகத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். மின்சாரம் ஓடாத வரை துருப்பிடித்த இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டும். மோட்டர் இழுக்கும் நேரத்தில்தான் குட்டு வெளிப்படும். ஆகவே மீட்டரைக் கண்ட்ரோல் பெட்டிக்குள் நுழையும் பொசிட்டிவ், எர்த் வயர்களில் வைத்துக்கொண்டு, ஒருவரைக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். படி அசையும்போது 11 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் மோட்டரைக் குறை சொல்ல வேண்டாம், வழியில் எங்கோ வோல்ட் தொலைகிறது.

எங்கே தொலைகிறது என்பதை இரண்டு அளவில் பிடிக்கலாம். மீட்டரின் கறுப்பு முனை பெட்டரியின் நெகட்டிவ் கட்டையில், சிவப்பு முனை கண்ட்ரோல் பெட்டியின் எர்த் வயரில். படி ஓடட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அப்புறம் ஒரு முனையைப் பெட்டரியின் பொசிட்டிவிலும் மற்றதைப் பெட்டிக்கு வரும் பொசிட்டிவ் வயரிலும் வைத்து இதையே செய்யுங்கள். இங்கே கூடுதலாகக் காட்டினால் பியூஸ் ஹோல்டரையும் நடுவிலுள்ள இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பியூஸ் எரியாமல் இருக்கும், ஆனால் அது உட்காரும் பல் பச்சை பூத்திருக்கும்.

மழை பெய்யும் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த்தைத்தான். சேசிஸில் போல்ட் போட்டுப் பிடித்த அந்த வளையத்தைக் கழற்றுங்கள். இரும்பு பளபளக்கும் வரை தேயுங்கள், பெயின்ட்டுக்கு மேல் இறுக்கக் கூடாது. நட்சத்திர வோஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிறீஸோ பெயின்ட்டோ பூசுங்கள். அரை மணி நேர வேலை. புது மோட்டர் தேவை என்று சொல்லப்பட்ட படிகள் பல இதிலேயே எழுந்து நடக்கும்.

வயரின் தடிப்பு இன்னொரு விஷயம். கேம்பராக மாற்றும்போது வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரையே படிக்கும் இழுத்துவிடுகிறார்கள். பெட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர். மோட்டர் 15 அம்பியர் இழுத்தால் அந்த வயரிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். வண்டிக்குப் பல இழை வயர்தான் சரி, ஒற்றைக் கம்பி வயர் அதிர்விலே முறிந்துவிடும்.

கோஸ்டர், ரோசா பஸ்ஸை மாற்றியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜப்பானிலிருந்து வந்த டீசல் பஸ்களில் இரண்டு பெட்டரி போட்ட 24 வோல்ட் அமைப்புதான் வழக்கம். 12 வோல்ட் படியை அந்த இரண்டில் ஒரு பெட்டரியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். ஒன்று எப்போதும் குறைந்து, மற்றது அளவுக்கு மீறி சார்ஜாகி, கடைசியில் இரண்டுமே கெடும். வண்டிக்குள் லைட், ஃபேனுக்கென்று வைத்த 12 வோல்ட் பெட்டரியிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் மோட்டரின் இழுப்பைத் தாங்கும் 24க்கு 12 கன்வர்ட்டர் போடுங்கள்.

காந்தமும் ரீட் சுவிச்சும்

வளைவுகளில் படி தானாக வெளியே எட்டிப் பார்க்கிறதா? ரம்பொடைப் பக்கத்து வளைவுகளில் இது விளையாட்டல்ல, ஓரத்தில் நடந்து போகிறவரின் காலில் அடிக்கும். பெரும்பாலும் கதவு ஆடி, காந்தம் சுவிச்சை விட்டு விலகுவதுதான் காரணம். கதவை மூடி இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 10 மில்லிமீட்டருக்குள் வைத்தால் பொதுவாகப் போதும். காந்தத்தின் ஸ்குரூவைத் தளர்த்தி நகர்த்துங்கள், எட்டவில்லையென்றால் அடியில் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்து உயர்த்துங்கள். கதவே தளர்ந்திருந்தால் முதலில் கதவுப் பூட்டைச் சரிசெய்யுங்கள்.

சுவிச் நல்லதா என்று பார்க்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையிலிருக்கும் காந்தத்தை அதன் அருகே கொண்டுபோங்கள். கதவு மூடிவிட்டது என்று நினைத்துப் படி உள்ளே போக வேண்டும். போனால் சுவிச் நல்லது, கதவிலுள்ள காந்தம்தான் விலகியோ பலவீனமாகியோ இருக்கிறது. போகவில்லையென்றால் சுவிச்சைக் கழற்றி மல்டிமீட்டரின் பஸரில் (இணைப்பு இருந்தால் சத்தமிடும் நிலையில்) வைத்து, காந்தம் வரும்போதும் விலகும்போதும் நிலை மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் மாற்ற வேண்டியதுதான். விலை குறைந்த பொருள்.

மோட்டரைத் தனியாக ஓட்டிப் பார்ப்பது

இதுவரை எல்லாம் சரியென்றால் மட்டும் இங்கே வாருங்கள். மோட்டருக்குப் போகும் இரண்டு வயர் பிளக்கைக் கழற்றுங்கள். பியூஸ் போட்ட வயர்களால் பெட்டரியிலிருந்து நேரே ஒரு நொடி, இரண்டு நொடி மட்டும் கொடுங்கள். படி ஒரு பக்கம் அசையும், வயரை மாற்றிப் பிடித்தால் மறுபக்கம். முனைக்கு வந்ததும் உடனே எடுத்துவிடுங்கள். கண்ட்ரோல் பெட்டியின் காவல் இப்போது இல்லை, பிடித்துக்கொண்டே இருந்தால் கியர் பல் போகும்.

இரண்டு பக்கமும் நன்றாக ஓடினால் மோட்டர் நல்லது, சந்தேகம் கண்ட்ரோல் பெட்டிமேல். மோட்டர் சுற்றும் சத்தம் கேட்கிறது, படி அசையவில்லை என்றால் கியரோ பின்னோ போய்விட்டது. பின் என்றால் லேத்தில் செய்துகொள்ளலாம். சத்தமே இல்லையென்றால், சரி, இப்போதுதான் "மோட்டர் போயிருச்சு" என்று சொல்ல உரிமை வருகிறது. அப்போதும் தூக்கி எறியாமல், மோட்டருக்குக் காயில் சுற்றுகிற கடையில் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வயர் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு நிறம், நடுவில் யாரோ ஒட்டுப்போட்டிருந்தால் அதுவும் இல்லை.

சமன் செய்வதும் எண்ணெயும்

வண்டி மட்டமாக நிற்கையில் படியை வெளியே எடுத்து ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் தாழ்ந்திருந்தால் மழையில் கால் வழுக்கும். சட்டத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, தேவையான பக்கம் வோஷர் வைத்து இறுக்குங்கள். லொக் நட்தான் போட வேண்டும், சாதாரண நட் நம் ரோட்டில் ஒரு மாதம்கூடத் தாங்காது. தரையிலிருந்து படிக்கும், படியிலிருந்து வண்டித் தளத்துக்கும் ஏறும் உயரம் ஏறத்தாழ சமமாக இருந்தால் வயதானவர்களுக்கு லேசு. அதற்காக ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள், மடக்கியிருக்கும் போது படியே வண்டியின் தாழ்ந்த பாகமாகிவிட்டால் ரோட்டில் வரும் முதல் மேட்டிலேயே அடிபடும்.

மூட்டுகளுக்குத் தடித்த கிறீஸ் வேண்டாம். சேறும் மணலும் அதில் ஒட்டி, தேய்க்கும் பசையாக மாறிவிடும். சிலிக்கன் ஸ்பிரே அல்லது காய்ந்து படியும் டெஃப்லான் ஸ்பிரே போதும். டபிள்யூடி-40 துருவைத் தளர்த்தவும் ஈரத்தை விரட்டவும் நல்லது. ஆனால் அதை மட்டும் அடித்துவிட்டு விட்டால் கொஞ்ச நாளில் மறுபடி கிரீச்சிடும். எல்ல, வெல்லவாய வழியாக அறுகம்குடா இறங்கிக் கடலோரம் தங்கிவிட்டு வந்தால், மலை ஏறியதும் நல்ல தண்ணீரில் படியைக் கழுவிவிட்டு மறுபடி ஸ்பிரே அடியுங்கள்.

வழியில் சிக்கிக்கொண்டால்

படி வெளியே வந்து நிற்கிறது, உள்ளே போகவில்லை, இருட்டப்போகிறது. அப்படியே ஓட்டாதீர்கள். பியூஸைக் கழற்றுங்கள். மோட்டர் கையைப் படியோடு பிடிக்கும் பின்னின் கிளிப்பை எடுத்துப் பின்னை உருவுங்கள். படி இப்போது கையால் தள்ளினால் உள்ளே போகும். கயிறாலோ ரெச்சட் பட்டியாலோ சேசிஸோடு சேர்த்து இரண்டு இடத்தில் கட்டி, டயர், பிரேக் குழாய், சைலன்சர் எதிலும் கயிறு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைலன்சர் அருகே பிளாஸ்டிக் டை போட்டால் உருகி அறுந்துவிடும். உருவிய பின்னையும் கிளிப்பையும் ஒரு டப்பாவில் போட்டு டாஷ்போர்டில் வையுங்கள், அந்த அளவுப் பின்னை ஹார்ட்வெயார் கடையில் தேடி எடுப்பது கஷ்டம். ஏறி இறங்க, வண்டியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தால் வேலை முடிகிற வரைக்கும் தாராளமாகப் போதும்.