சிமுலேட்டரில் காந்த சுவிட்ச்: எங்கெல்லாம் சறுக்குகிறோம்

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில், உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கும் பையன் ஒருவனோடு சேர்ந்து கோழிக்கூட்டுக்கு ஒரு அலாரம் செய்தேன். இரவில் கதவு திறந்தால் கத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. கணினியிலேயே சர்க்கிட்டை ஓட்டிப் பார்க்கும் புரோட்டியஸ் சிமுலேட்டரில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கூட்டில் மாட்டி மூன்று கிழமை கழித்துப் பார்த்தால் பற்றரி செத்துக் கிடக்கிறது, இத்தனைக்கும் அலாரம் ஒருநாள்கூடக் கத்தவில்லை.

காரணத்தைச் சொல்ல முதலில் சர்க்கிட்டைச் சொல்ல வேண்டும். 9 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் தடையி வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு ஒரு வயர், பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ரீட் சுவிட்ச் (கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள், காந்தம் நெருங்கினால் இணையும்), கலெக்டரில் பஸர். கதவு மூடியிருக்கும்போது காந்தம் பக்கத்தில் இருப்பதால் சுவிட்ச் இணைந்து பேஸைக் கிரவுண்டில் பிடித்து வைக்கும், திறந்ததும் விட்டுவிடும், பஸர் கத்தும். சரிதான், ஆனால் மூடியிருக்கும் நேரமெல்லாம் அந்த 10 கிலோ ஓம் வழியாக 0.9 மில்லிஅம்பியர் சும்மா ஓடிக்கொண்டே இருக்கிறது. சதுர 9 வோல்ட் பற்றரியில் சுமார் 500 மில்லிஅம்பியர் மணி இருக்கும் என்று வைத்தால் 23 நாள். சிமுலேட்டரில் இருக்கும் பற்றரியோ யுகக்கணக்கில் 9 வோல்ட்டே கொடுக்கும். அதனால் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காமல், சும்மா இருக்கும் நிலையில் எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு அம்மீட்டரைப் போட்டுப் பாருங்கள்.

பிசி547-க்குப் பதில் வோல்ட்டேஜால் திறக்கும் 2என்7000 மொஸ்ஃபெட் போட்டால், பேஸின் இடத்தில் இருக்கும் 'கேட்' காலுக்கு மின்னோட்டமே தேவையில்லை, தடையியைத் தாராளமாகக் கூட்டலாம். உடனே 1 மெகா ஓம் போடத்தான் கை போகும். நான் போட மாட்டேன். சிமுலேட்டரில் பனி மூட்டம் கிடையாது, நமக்கு உண்டு. ஈரம் படிந்த போர்டில் கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மெல்லிய கசிவு உண்டாகும், அதை ஒரு 200 கிலோ ஓம் தடையியாக வரைந்து பாருங்கள்: 1 மெகா ஓமோடு கேட்டில் 1.5 வோல்ட்தான் மிஞ்சும், அந்த மொஸ்ஃபெட்டோ 0.8 முதல் 3 வோல்ட் வரை எங்கே வேண்டுமானாலும் திறக்கத் தொடங்கலாம், அதனால் கதவு திறந்தும் அலாரம் கத்தாமல் போகலாம். 100 கிலோ ஓம் என்றால் 6 வோல்ட் கிடைக்கும், பற்றரியும் கணக்குப்படி ஏழு மாதத்துக்கு மேல் வரும். எனக்கு அது போதும்.

அடுத்தது தலைகீழ்க் குழப்பம். பெரும்பாலான சிமுலேட்டர்களில் காந்தம் என்று ஒன்று கிடையாது, சுவிட்சை நாமே கிளிக் செய்கிறோம், கிளிக் செய்தால் எல்.ஈ.டி எரிகிறது, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். ஆனால் கதவு அலாரத்தில் கிளிக் செய்வது என்றால் காந்தம் வருவதா, போவதா? சுவிட்சுக்குப் பக்கத்தில் 'இணைந்தால் கதவு மூடி' என்று எழுதி வைத்து, இணைந்த நிலையிலிருந்தே ஓட்டத் தொடங்குங்கள்.

எல்டிஸ்பைஸ் என்ற இன்னொரு சிமுலேட்டரில் ஓடும்போது கிளிக் செய்யும் வேலையே இல்லை, வோல்ட்டேஜால் இயங்கும் சுவிட்சும், அதை இயக்க ஏறி இறங்கும் வோல்ட்டேஜ் கொடுக்கும் ஒரு பல்ஸ் சோர்ஸும் போட வேண்டும். அந்தச் சுவிட்ச் எந்த வோல்ட்டேஜில் மாற வேண்டும் என்று சொல்லும் விடி (Vt) மதிப்பைக் கொடுக்காமல் விட்டால் அது 0 என்று எடுத்துக்கொள்ளும், உங்கள் பல்ஸும் 0-இல் தொடங்கினால் சுவிட்ச் எந்தப் பக்கம் என்றே புரியாது. 0 முதல் 5 வோல்ட் பல்ஸுக்கு விடி 2.5, விஎச் 0.5 கொடுங்கள். இணையும் புள்ளியையும் பிரியும் புள்ளியையும் தள்ளி வைக்கும் விஎச் (Vh) அலங்காரத்துக்கு இல்லை, நிஜ ரீட் சுவிட்சும் காந்தம் நன்றாக நெருங்கினால்தான் இணையும், பிரிவதற்கு அதைவிடத் தூரம் விலக வேண்டும்.

ரீட்டுக்குப் பதில் காந்தத்தை உணரும் சிப்பான 3144 ஹால் சென்சர் எடுப்பவர்கள் மறப்பது புல்அப் தடையியை. அதன் அவுட்புட் திறந்த கலெக்டர், கீழே இழுக்க மட்டுமே தெரியும், மேலே தூக்க 10 கிலோ ஓம் வேண்டும். அப்புறம் அது பெயர் அச்சிட்ட முகத்தில் தென்முனைக்குத்தான் அசையும். காந்தத்தைத் திருப்பிப் பிடித்துவிட்டு சென்சர் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆர்டுயினோ என்ற புரோகிராம் எழுதும் போர்டில் கதவு திறப்பதை எண்ணுகிறவர்கள் கவனிக்க: சாதாரண சிமுலேட்டர் சுவிட்ச் ஒரு கிளிக்குக்கு ஒன்று என்று சுத்தமாக எண்ணும், நிஜத் தகடுகள் இணையும்போது துடிக்கும், ஒரு திறப்பு நாலாகப் பதிவாகலாம். ஒரு மாற்றம் வந்ததும் 50 மில்லிசெக்கன் எதையும் எண்ணாமல் விடுங்கள். ரிலே ஓட்டினால் சுருளுக்குக் குறுக்கே டயோட், அதில் பேச்சே இல்லை. சின்ன ரீட் சுவிட்சில் நேரடியாக 230 வோல்ட் பல்பை மாட்டும் எண்ணம் வேண்டவே வேண்டாம், திரையில் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது, நிஜத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தும் கூட்டில் மாட்டியதும் வேலை செய்யாவிட்டால் காந்தம் நிற்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு முனையை மட்டும் கண்ணாடிக் குழாயின் நட்டநடுவுக்குச் செங்குத்தாகப் பிடித்தால் இரண்டு தகடும் ஒரே மாதிரிக் காந்தமாகும், ஒன்றையொன்று இழுக்காது. குழாய்க்கு இணையாக வையுங்கள்.