வெற்றுத்தாளில் கையெழுத்து: கார்மெண்ட்ஸில் சங்கம் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டியவை

அம்பத்தூர் எஸ்டேட்டிலோ தாம்பரம் மெப்ஸ் என்ற சிறப்புப் பொருளாதார மண்டலத்திலோ சங்கப் பேச்சு கிளம்பியதும், லைனிலிருந்து ஒருவரை மட்டும் எச்.ஆர். அறைக்குக் கூப்பிடுவார்கள். டீ கூட வரும். "உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? ராஜினாமா எழுதிக் கொடுத்துடு, செட்டில்மெண்ட் இன்னைக்கே போட்டுடறோம்."

இந்த இடத்தில் போடும் கையெழுத்துதான் இருப்பதிலேயே பெரிய தவறு. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்கினால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போகலாம், அங்கே தீராவிட்டால் தொழில் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டால், மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். வெற்றுத்தாளும் அப்படித்தான், நாளைக்கு அதில் எது வேண்டுமானாலும் ஏறும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அன்றைக்கே "கட்டாயப்படுத்தி வாங்கினார்கள், திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதி, கம்பெனிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். நகல் ஒன்று தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள தொழிலாளர் துறைக்கும் போகட்டும். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

அடுத்தது, "ஏழு பேர் இருந்தால் போதும்" என்ற நம்பிக்கை. அது பாதி உண்மை. சங்கத்தைப் பதிவு செய்ய, வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் வேண்டும். எப்படியும் 7 பேருக்குக் குறையக் கூடாது. 600 பேர் உள்ள யூனிட் என்றால் 60 பேர். அந்த எண்ணிக்கை சேரும் முன்பே பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போடுபவர்களை என்ன சொல்ல? அதே குரூப்பில் சூப்பர்வைசரின் மச்சினியும் இருப்பார்.

"வெளியாட்களைச் சேர்க்காதே" என்பார்கள். பயப்படாதீர்கள். சங்கப் பொறுப்பாளர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அதுவரை வெளியாட்கள் இருக்கச் சட்டமே இடம் தருகிறது. 1918இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வாடியாவும் துணைத் தலைவர் திரு.வி.க.வும் மில்லில் தறி ஓட்டியவர்களா என்ன? வாடியா மீது மில் நிர்வாகம் வழக்குப் போட்டு, ஹைகோர்ட்டில் தடையும் வாங்கியது. அந்தச் சூடு ஆறாமல்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

"மெப்ஸுக்குள் சங்கமே கூடாது" என்பதும் கட்டுக்கதை. சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் 49ஆவது பிரிவு, சங்கம், தொழில் தகராறு போன்ற விஷயங்களில் மண்டலத்துக்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்தக் கூடாது என்றே சொல்கிறது. நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து உட்கார கம்பெனி அமைக்கும் ஒர்க்ஸ் கமிட்டியைச் சங்கம் என்று நினைப்பதும் இதே ரகம். டாய்லெட், கேன்டீன் பற்றி அங்கே பேசலாம், சம்பளத்துக்கு அது போதாது.

கோபத்தில் எல்லோரும் ஒரே நாளில் லீவு போடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்தின்படி, பாதிப்பேர் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டாலே அது வேலைநிறுத்தம். அதற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

அப்புறம் கேட். வாட்ச்மேன் "நாளைக்கு வாங்க" என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். நாலு நாளில் "வேலைக்கு வரவில்லை" என்று மெமோ வரும். கேட்டருகே நின்று போட்டோ எடுத்து, "வந்தேன், உள்ளே விடவில்லை" என்று எச்.ஆருக்கு அப்போதே மெசேஜ் அனுப்புங்கள்.