எப்போதாவது ஓடும் ஜெனரேற்றர்: காபரேற்றர் அடைபடாமல் இருக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையைத் தொட்டது. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டில் அதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது. நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. பின் விறாந்தையில் ஜெனரேற்றர் இருந்தது, தாங்கியில் பாதி அளவுக்குப் பெற்றோலும் இருந்தது. ஆனால் தோள் மூட்டு வலிக்கும்வரை கயிற்றை இழுத்தும் அது இயங்கவில்லை. அம்மாவின் இன்சுலின் போத்தல்களை ஈரமண் போட்ட சட்டிக்குள் வைத்துவிட்டு விடியும்வரை காத்திருந்தோம்.

திருக்கடலூரில் படகு எஞ்சின் திருத்தும் அண்ணா ஒருவரிடம் மழை விட்ட பிறகு அதைக் கொண்டுபோனேன். மூடியைக்கூடத் திறக்காமல் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கடைசியா நிப்பாட்டக்குள்ள பெற்றோலப் பூட்டினீங்களா?" என்பதுதான். பெற்றோல் வால்வை நான் பூட்டவில்லை. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, துணியால் மூடி வைத்திருந்தேன். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகமான காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் பனங்கட்டிப் பாகு காய்ந்ததுபோல் மஞ்சளாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. புயல் வந்த இரவில் அந்த ஜெனரேற்றர் பழுதாகவில்லை. ஏழு மாதத்துக்கு முன், நான் அதை நிறுத்திய நாளிலேயே பழுது தொடங்கிவிட்டது. கீழே எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி அந்த அண்ணாவிடம் கற்றது, மிச்சம் அதன் பிறகு நானே செய்து பார்த்தது.

சுவிட்சை மட்டும் அணைப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தாங்கியிலிருந்து வரும் பெற்றோல் நேரே எஞ்சினுக்குள் போவதில்லை. முதலில் காபரேற்றரின் அடியில் உள்ள சிறு கிண்ணத்தில் தேங்குகிறது. அதற்குள் ஒரு மிதவை இருக்கிறது. கிண்ணம் நிரம்பினால் மிதவை மேலெழுந்து ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும், மட்டம் இறங்கினால் திறந்துவிடும். கிண்ணத்திலிருந்து பெற்றோல் மேலே ஏறும் வழியில் இருப்பதுதான் ஜெற், பித்தளையில் துளைத்த ஒரு சிறு துவாரம். வீட்டு ஜெனரேற்றர்களில் பிரதான ஜெற்றின் துவாரமே ஒரு மில்லிமீற்றர் வராது. சிறிய ஜெற்றின் துவாரம் அதைவிட நுண்ணியது.

தாங்கியை மூடியால் இறுக்கலாம். ஆனால் கிண்ணத்தில் காற்றுப் போகும் துளை ஒன்று இருக்கும், அது இல்லாமல் காபரேற்றர் வேலை செய்யாது. அந்தத் துளை வழியே பெற்றோலின் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போகின்றன. மிஞ்சும் கனமான பகுதி காற்றோடு சேர்ந்து பிசினாகிறது. கச்சான் காற்று அடிக்கும் வைகாசி, ஆனி, ஆடி வெயிலில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோல் வால்வு திறந்திருந்தால், ஆவியாகிக் குறைந்த அளவை ஈடு செய்ய மிதவை இறங்கித் தாங்கியிலிருந்து மேலும் பெற்றோலை உள்ளே விடும். அது வற்றும், மறுபடியும் வரும். ஒரு கிண்ணப் பெற்றோலின் பிசினோடு விஷயம் முடியாது. மாதக்கணக்கில் வந்து வற்றிய பெற்றோல் முழுவதன் பிசினும் அந்தச் சின்னக் கிண்ணத்திலேயே படியும். உப்பளத்தில் பாத்திக்குள் கடல்நீரை விட்டு விட்டு வற்ற வைப்பதுபோலத்தான்.

ஆகவே நிறுத்தும் முறையை மாற்றுங்கள். பாவனை முடிந்ததும் மின் இணைப்புகளைக் கழற்றுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெற்றோல் வால்வை மூடிவிட்டு, அது தானாக நிற்கும்வரை விடுங்கள். ஓரிரு நிமிடம், சில எஞ்சின்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். அதன் பிறகு சுவிட்சை அணையுங்கள்.

பலர் இதோடு போதும் என்று நினைக்கிறார்கள். அடுத்த வாரமே மறுபடி ஓட்டுவதானால் போதும். மாதக்கணக்கில் வைப்பதானால் போதாது. ஜெற்றின் வாய்க்குக் கீழே மட்டம் இறங்கியதும் எஞ்சின் நின்றுவிடும், கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் பெற்றோல் மிஞ்சியே இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடு ஆறிய பிறகு, கிண்ணத்தின் அடியிலோ பக்கத்திலோ உள்ள வடிப்புத் திருகாணியைத் தளர்த்தி அதையும் ஒரு போத்தலில் பிடித்துவிடுங்கள். பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம், சாமி விளக்கும் வேண்டாம். இன்வேற்றர் வகைச் சிறு ஜெனரேற்றர்களில் திருகாணி பக்கத்து மூடிக்குள் மறைந்திருக்கும், கையேட்டில் படம் போட்டிருப்பார்கள்.

பாதித் தாங்கி

ஒன்று முழுதாக வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் நிரப்பி வைக்க வேண்டும். பாதியாக விட்டால் மேல்பாதி முழுக்க ஈரக் காற்று. மழைக்காலத்தில் பகலும் இரவும் மாறும்போது அந்த ஈரம் தகரச் சுவரில் வியர்த்து வழியும். தண்ணீர் பெற்றோலைவிடக் கனமானது, அதனால் அடியில் போய்த் தங்கும். தாங்கி துருப்பிடிக்கும், துருத்தூள் பெற்றோலோடு இறங்கும். தண்ணீர் கிண்ணம்வரை வந்துவிட்டால் காபரேற்றரின் உலோகத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பிசினையாவது கரைக்க மருந்து இருக்கிறது, அரித்துப்போன உலோகத்தை யாரும் திருப்பித் தர முடியாது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற நமக்கு இது சின்ன விஷயம் அல்ல.

நான் வடித்துவிடும் பக்கம். வடித்த பெற்றோலை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் வீணாகாது. நிரப்பித்தான் வைப்பேன் என்றால், பெற்றோல் கெடாமல் காக்கும் நிலைப்படுத்தித் திரவம் வாகன உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதைப் புதுப் பெற்றோலில்தான் கலக்க வேண்டும், பழையதைப் புதிதாக்கும் சக்தி அதற்கு இல்லை. கலந்த பிறகு பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி, கலவை காபரேற்றர்வரை போய்ச் சேர்ந்ததை உறுதி செய்யுங்கள்.

கானில் கிடக்கும் பழைய பெற்றோல்

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோல் செட் வாசலில் நாட்கணக்கில் நின்ற யாருக்கும் ஒரு லீற்றரைக் கொட்ட மனம் வராது. எனக்கும் வரவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய காலம் அது, கிடைத்ததைச் சேமித்தோம். ஆனால் அப்படிச் சேமித்த கான்கள் சில வீடுகளில் இன்றும் படிக்கட்டின் கீழ் கிடக்கின்றன. சில எஞ்சின் கையேடுகள் முப்பது நாளுக்கு மேல் வைத்த பெற்றோலையே பழையதாகக் கணக்கெடுக்கின்றன. நிறம் கறுத்து, பழைய வார்னிஷ்போல் புளித்த வாடை வந்தால் அதை ஜெனரேற்றருக்குக் காட்டவே வேண்டாம். கிணற்றடியிலும் வாய்க்காலிலும் ஊற்றிவிடாதீர்கள், நம்முடைய மணல் நிலத்தில் அது நேரே குடிதண்ணீருக்குத்தான் போகும். பாகங்கள் கழுவ எடுப்பார்களா என்று ஒரு கராஜில் கேட்டுக் கொடுங்கள்.

95 ஒக்ரேன் போட்டால் கெடாது என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒக்ரேன் எண் எஞ்சினுக்குள் பெற்றோல் நேரத்துக்கு முன்னால் வெடிக்காமல் தாங்கும் அளவைச் சொல்வது. எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கையேடு வேறு கேட்டாலொழிய 92 போதும்.

படகுக்கு வாங்கிய மண்ணெண்ணெயைக் கொஞ்சம் கலந்து பார்ப்பவர்களும் உண்டு. படகு எஞ்சின் மண்ணெண்ணெய்க்கென்றே அமைத்தது. பெற்றோல் ஜெனரேற்றரில் அதைக் கலந்தால் குளிர்ந்த எஞ்சின் பற்றாது, எஞ்சினின் தீப்பொறிப் பிளக் கரி பிடிக்கும், எரியாமல் மிஞ்சுவது எஞ்சின் ஒயிலில் கலந்து ஒயிலையும் நீர்க்க வைக்கும். பெற்றோலில் ஒயில் கலந்து ஓட்டும் சிறிய இரண்டடிப்பு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சின் ஜெனரேற்றர் வைத்திருப்பவர்கள் கிண்ணத்தை இன்னும் கவனமாக வடிக்க வேண்டும். பெற்றோல் பறந்துபோன பிறகும் அந்த ஒயில் போகாது, ஜெற் வாயில் பிசுபிசுவென்று நிற்கும்.

இரண்டு நிமிடச் சோதனை

மாதம் ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும் என்பது சரி. ஆனால் இரண்டு நிமிடம் ஓட்டி, "ஆ, வேலை செய்யுது" என்று சுவிட்சை அணைப்பது ஓட்டாமல் விடுவதைவிட மோசம். கிண்ணத்தில் புதுப் பெற்றோலை நிரப்பி மறுபடியும் வற்ற வைக்கிறீர்கள். எஞ்சினும் சூடேறாததால் உள்ளே ஈரம் தங்குகிறது. இருபது நிமிடமாவது ஓட்டுங்கள், ஒரு மின்விசிறியும் சில பல்புகளும் போட்டுச் சுமை கொடுங்கள். பிறகு மேலே சொன்னபடி வால்வை மூடி நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் மாதாமாதம் வரும் பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் ஓட்டுகிறோம். நாட்காட்டியிலேயே குறித்திருப்பதால் மறப்பதில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கரண்ட் போனபோது இரண்டாவது இழுப்பில் பற்றியது.

அடைத்த பிறகு செய்யும் தவறுகள்

சோக் (குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைக்கக் காற்றைக் குறைக்கும் அடைப்பு) போட்டால் மட்டும் ஓடுகிறது, சோக்கைத் திறந்ததும் நின்றுவிடுகிறது என்றால் ஜெற் பாதி அடைத்திருக்கிறது. சத்தம் ஏறி ஏறி இறங்கினாலும் பெரும்பாலும் அதே காரணம்தான். அறவே பற்றவில்லை என்றால் காபரேற்றரைக் குறை சொல்வதற்கு முன் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். ஒயில் குறைந்தால் எஞ்சினைப் பற்றவிடாத பாதுகாப்பு பல ஜெனரேற்றர்களில் உண்டு, இதைத் தெரியாமல் காபரேற்றரைக் கழற்றியவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஜெற்றைக் கம்பியாலோ தையல் ஊசியாலோ குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது. துவாரம் மயிரளவு பெரிதானாலும் பெற்றோலும் காற்றும் கலக்கும் கணக்கு மாறிவிடும், அதன் பிறகு கறுப்புப் புகையும் பெற்றோல் செலவும்தான். காபரேற்றர் கழுவும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள், காற்றழுத்தத்தால் ஊதுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் மெல்லிய தூண்டில் நைலோன் நூல் ஒன்றை விட்டு எடுங்கள், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஜெற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துவாரம் வட்டமாகத் தெரிய வேண்டும். ஸ்பிரே அடிக்கும் முன் ரப்பர் வளையங்களைக் கழற்றி வையுங்கள், அது ரப்பரை ஊதிப்போக வைக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

புயல் இரவில் கழற்ற வசதியில்லை, சோக்கில் மட்டும் ஓடுகிறது என்றால், அன்றிரவுக்குச் சோக்கைப் பாதி வைத்தே ஓட்டலாம். மழைக்குப் பயந்து விறாந்தைக்குள்ளோ சமையலறைக்குள்ளோ வைத்துவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும், பாதி சோக்கில் ஓடும்போது அது இன்னும் கூடுதலாக வெளிவரும். வீட்டிலிருந்து ஆறு மீற்றராவது தள்ளி, புகைவாய் ஜன்னல் பக்கம் திரும்பாமல், நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரை ஒன்றின் கீழ் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியை ஒரு மணித்தியாலம் ஓட்டிக் குளிர வைத்துவிட்டு, நிறுத்தி, கதவைத் திறக்காமல் விடுங்கள். காபரேற்றரை விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.